திருச்சுழி ரோட்டில் நூற்று எழுபத்தொரு துடிப்பு

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் கண்டக்டர் என் பெட்டியை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார். என் உயரத்துக்கு நின்ற அட்டைப்பெட்டி. உள்ளே என்ன என்று கேட்டார். சைக்கிள் என்றேன். சைக்கிளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு விசில் கொடுத்துவிட்டார். நியாயமான கேள்விதான். நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

எனக்குக் குன்னூர். மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தாறு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மனிதர்கள் தனித்தனியாகச் செய்து சந்தோஷமாக இருக்கிற மூன்று காரியங்களை ஒரே காலையில் அடுத்தடுத்துச் செய்து அவதிப்படுவதற்கு ட்ரையத்லான் என்று பெயர். ஐந்து வருடமாக எனக்கு அந்தக் கிறுக்கு. குளிரில் சுமாராகச் செய்வேன், வெயில் என்றால் படுத்துவிடுவேன். போன வருடம் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த போட்டியில், முடிவுக் கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்தேன். கண் திறந்தபோது ஆம்புலன்ஸில் கிடந்தேன். என் மகள் நிலா என் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். நர்சிங் கடைசி வருடம், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அழாமல் எண்ணினாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வெயிலில் ஒரே ஒரு போட்டியையாவது என் சொந்தக் காலால் முடிக்க வேண்டும் என்ற ஆசை மனசை அரித்துக்கொண்டே இருந்தது. மதுரைக்காரர்கள் சிலர் சேர்ந்து திருச்சுழிப் பக்கம் பங்குனி வெயிலில் ஒரு போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெயரைக் கொடுத்துவிட்டேன். நிலா ஒரு நிபந்தனை போட்டாள். என் கைக்கடிகாரம் இதயத்துடிப்பை அளக்கும், தனக்குள் இருக்கும் சிம் வழியாக அதை அவள் போனிலும் காட்டும். துடிப்பு நூற்று அறுபத்தைந்தைத் தாண்டி ஐந்து நிமிடம் அங்கேயே நின்றால் நான் போட்டியை நிறுத்திவிட வேண்டும். கோடு கண்ணுக்குத் தெரிந்தாலும் நிறுத்த வேண்டும். தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

உடம்பை வெயிலுக்குப் பழக்குவதற்காகப் பத்து நாள் முன்னாலேயே வந்துவிட்டேன். என் கடையில் வேலை பார்க்கும் முருகேசனின் அக்கா பேச்சியம்மாள் வீட்டு மாடியில் தங்குவதாக ஏற்பாடு. ஊர் திருச்சுழிக்குப் பக்கத்தில்.

பஸ் ஏற்றாததால் ஒரு லோடு வண்டி ஏற்றிக்கொண்டது. கரி மூட்டை ஏற்றப் போகிற வண்டி, காலியாகத்தான் வந்தது. காலி என்றாலும் முந்தின லோடின் தூள் எங்கும் கிடந்தது. சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மண் மூடி, நாள் கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கிறார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் அந்தப் புகை. வீடு வந்து இறங்கியபோது பெட்டி கறுப்பு, சேலை கறுப்பு, நானும் கறுப்பு. பேச்சியம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, முதலில் குளிக்கச் சொன்னாள். பிறகுதான் வாங்க என்றாள்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு காலத்தில் குடும்பத்தோடு களை எடுக்கப் போனவர்கள். இப்போது கணவர் தூத்துக்குடி லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள்தான் வீடு. அவள் காலையில் இட்லி சுட்டு விற்கிறாள். முதல் நாள் இரவே கருவாட்டுக் குழம்பும் குதிரைவாலிச் சோறும் போட்டாள். குன்னூரில் குதிரைவாலியைச் சர்க்கரை நோயாளிகளுக்கு விலை உயர்ந்த பொட்டலத்தில் விற்பதை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அது வெறும் சோறு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஓடக் கிளம்பினேன். குன்னூரில் வெயில் என்பது துணி காயப்போடும் சாக்கு. இங்கே அது ஓர் ஆள், கூடவே ஓடி வருகிறது. கண்ணுக்கு எட்டியவரை கரிசல் காடு, பருத்தி எடுத்து முடிந்து காய்ந்து நிற்கும் மாறு, தூரத்தில் ஒரு பனை. அரை மணி நேரத்தில் துடிப்பு நூற்று அறுபதுக்குப் போனது. கடிகாரம் கத்தும், நான் நடப்பேன். இறங்கியதும் மறுபடி கத்தும், நான் ஓடுவேன். வீடு வந்து சேர்ந்ததும் அது தன் தீர்ப்பைக் காட்டியது: பலனற்ற பயிற்சி. மூன்று லிட்டர் வியர்வை சிந்தியவளிடம் சொல்கிற வார்த்தையா இது?

மூன்றாம் நாள் சைக்கிளுக்கு முறை. பந்தல்குடிப் பக்கம் போகும்போது கருவேல முள் ஏறி முன் சக்கரம் போனது. ஒட்டிக் கிளம்பினால் பின் சக்கரம் போனது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, காற்றடிக்கும் பம்பும் உடைந்தது. லாரி டயர் ஒட்டும் கடை வரை தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் என் சக்கரத்தை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, இது டயரா, வளையலா என்று கேட்டார். பிறகு பழைய ட்யூபை நீள வாக்கில் கீறி, டயருக்குள் ஒரு பட்டையாக வைத்து மூடிக் கொடுத்தார். என்னிடம் காசு வாங்கவில்லை, இவ்வளவு மெல்லிய டயரை அவர் வாழ்க்கையில் தொட்டதில்லையாம், அதுவே போதும் என்றார். அதற்குப் பிறகு ஒரு முள்கூட ஏறவில்லை.

நீச்சலுக்குக் கிணறு. ஊரில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு விவசாயியிடம் பேச்சியம்மாள் போய்ச் சொன்னாள். மோட்டார் போடாத நேரத்தில் இறங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். தெப்பக்குளம் போல அகலமான சதுரக் கிணறு, படி இறங்கிப் போக வேண்டும். கோயம்புத்தூர் நீச்சல்குளத்தில் கோடு பார்த்து நீந்திப் பழகிய நான், சுவரைச் சுற்றிச் சுற்றி நாற்பது நிமிடம் நீந்தினேன். அவ்வளவு ஆழத்தில் கடிகாரத்துக்கு வானத்துச் செயற்கைக்கோள் எட்டவில்லை. நீந்திய தூரம் பூஜ்யம் என்றது. கிணற்றுக்காரர் மேலிருந்து எண்ணியிருந்தார். எண்பத்திரண்டு சுற்று என்று அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வம்பு நாலாம் நாள் வந்தது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நெருங்கும் காலம். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் நான் வெயிலில் ஓடுவதையும், நின்று கையைப் பார்ப்பதையும், நடப்பதையும், மறுபடி ஓடுவதையும் நான் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிறுத்தி, எந்தக் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறேன் என்று கேட்டாள். மூச்சு வாங்கியது. ட்ரையத்லானை விளக்கத் தொடங்கினால் துடிப்பு ஏறும். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு ஓடினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

அன்று மாலையே வீட்டில் கருவாடு நின்றது. மீன் நின்றது, முட்டையும் நின்றது. விரதக்காரி இருக்கிற வீட்டில் கவிச்சி வாசம் கூடாது என்று பேச்சியம்மாள் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். இரண்டு நாள் லீவில் வந்த அவள் கணவரும் பருப்புச் சோறுதான் சாப்பிட்டார். எனக்கானால் முட்டை வேண்டும், சதை பிடிக்க வேண்டும், பயிற்சி அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. வாயைத் திறக்க முடியவில்லை. பாசிப்பயறும் கம்மங்கூழும் மோர் மிளகாயும்தான் மீதி நாளெல்லாம். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து மதினி என்று உறவு வைத்துக் கூப்பிடத் தொடங்கினாள். அதனால் உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தேன். செருப்புப் போட்டுக்கொண்டா வேண்டுதல் என்று ஒருத்தி கேட்டதற்கு, சாமி அனுமதித்திருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கம்மங்கூழோ, வெயிலோ, கிணறோ, எட்டாம் நாளில் என் உடம்பு மாறியிருந்தது. அதே பதினொரு மணி, அதே ரோடு, துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு. கடிகாரம் முதல் தடவையாகப் பலனுள்ள பயிற்சி என்றது. நடு ரோட்டில் நின்று அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். அதையும் பஸ் நிறுத்தத்துப் பெண்கள் பார்த்தார்கள்.

போட்டி நாள். காலை ஆறரைக்குக் கண்மாயில் இறங்கினோம். இடுப்பு வரை சேறு, பிறகுதான் தண்ணீர். வாயில் ஒரு மடக்கு கண்மாய் போனது. நீந்தி ஏறிச் சைக்கிளை எடுத்தேன். நாற்பது கிலோமீட்டர். எதிர்க்காற்று, சூடு. டயர் கடைக்காரரை மனதில் வாழ்த்திக்கொண்டே மிதித்தேன். வழியில் மூன்று பேர் முள்ளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது மணிக்குச் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட்டத்தைத் தொடங்கினேன். ஐந்து கிலோமீட்டர் சுற்று இரண்டு. சுற்று எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது.

முதல் சுற்றில் ஊர் வளைவு திரும்பியதும் எதிரே பார்த்தேன். ஏழு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு குடம். மஞ்சள் கரைத்த தண்ணீர், மேலே வேப்பிலை. பேச்சியம்மாள் முதலில் நின்றாள். பால்குடம் எடுப்பவர்கள், தீச்சட்டி எடுப்பவர்கள் வெயிலில் நடந்து வரும்போது காலில் தண்ணீர் ஊற்றி அனுப்புவது இந்தப் பக்கத்து வழக்கம். அதுவும் எந்தத் தண்ணீர்? நாலு நாளைக்கு ஒரு முறை குழாயில் வருகிற தண்ணீர்.

போட்டி விதியோ வேறு. ஏற்பாட்டாளர்கள் வைத்த மேசையில் தவிர வெளியாள் யாரிடமும் எந்த உதவியும் வாங்கக் கூடாது, வாங்கினால் நீக்கம். மேற்பார்வைக்கு ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். நான் இரண்டு கையையும் ஆட்டி, ஊற்றாதீர்கள், கட்டுப்பாடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். அவர்கள் அதை வேண்டுதலின் கட்டுப்பாடு என்று எடுத்துக்கொண்டார்கள் போல. மரியாதையாக விலகி, எனக்கு முன்னால் ரோட்டில் மட்டும் இரண்டு குடத்தைக் கொட்டினார்கள். தாரிலிருந்து ஆவி எழும்பியது. மேற்பார்வைத் தம்பி தலையைச் சொறிந்தார். ரோட்டை நனைப்பதற்கு விதியில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் சுற்றில் வெயில் தன் கணக்கைத் தீர்த்தது. எட்டு கிலோமீட்டர் தாண்டியதும் நூற்று அறுபத்தாறு. நடந்தேன். நடந்தும் இறங்கவில்லை. நூற்று அறுபத்தொன்பது. வியர்வை நின்று தோல் காய்ந்தது. போன வருடமும் இப்படித்தான் தொடங்கியது, எனக்கு நன்றாகத் தெரியும். நூற்று எழுபத்தொன்று. கடிகாரம் விடாமல் கத்தியது. மூன்று நிமிடம். நான்கு. ஊர் வளைவு வந்தது. இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்தான் இருந்தது. போய்விடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். நிலாவுக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சியம்மாள் குடத்தோடு ஓடி வந்தாள். தம்பி வண்டியை நிறுத்தி, உடம்பில் ஊற்றினால் அக்கா போட்டியிலிருந்து வெளியே என்றார். பாவம், அவர் வேலை அது. பேச்சியம்மாள் குடத்தைத் தூக்கிய கை தூக்கியபடி என்னைப் பார்த்தாள். ஏழு பேரும் பார்த்தார்கள். இதற்கு மேலும் பொய்யைச் சுமக்கத் தெம்பு இல்லை.

“பேச்சி, வேண்டுதல் எதுவும் இல்ல. நான் பொய் சொன்னேன். இது சும்மா ஒரு போட்டி,” என்றேன்.

அவள் முகம் கறுத்தது. அதை நான் பார்த்தேன், மறைக்க விரும்பவில்லை.

“வீட்டுல கவிச்சிச் சட்டிய ஏத்தாம இருந்தேன். வந்த மனுசனுக்கு ஒரு கருவாட்டுத் துண்டு வைக்கல,” என்றாள். பிறகு குடத்தை இடுப்பில் இறக்கி, “அத அப்புறம் பேசிக்கிறேன். இப்பக் கால நீட்டுங்க மதினி,” என்றாள்.

நீட்டினேன். முதல் குடம் காலில். இரண்டாவது முழங்காலில். மூன்றாவது, நான்காவது தலையில். மஞ்சள் கண்ணில் இறங்கி எரிந்தது. ஒருத்தி வேப்பங்கொத்தால் விசிறினாள். கடிகாரம் கத்திக்கொண்டே இருந்ததால், இந்தச் சனியன் என்ன இப்படி அலறுது என்று பேச்சியம்மாள் அதைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, என் மணிக்கட்டு இரண்டையும் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, தெரியாது. காதுக்குள் இரைச்சல் அடங்கியது. வியர்வை மறுபடி துளிர்த்தது. அழுதேன் என்று நினைக்கிறேன். தண்ணீரோடு தண்ணீராக யாருக்கும் தெரிந்திருக்காது.

எழுந்து நின்றேன். கடிகாரத்தை வாங்கிக் கட்டினேன். நூற்றுப் பதினெட்டு. மேற்பார்வைத் தம்பி நோட்டில் என் எண்ணை அடித்தார். அடித்துவிட்டு, மீதி தூரம் நடந்து வருவதாக இருந்தால் கூடவே வருகிறேன் என்றார். வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டரும் பக்கத்திலேயே வந்தார். நடந்தேன், கொஞ்சம் ஓடினேன், நடந்தேன். முடிவுக் கோட்டில் எனக்கு நேரம் குறிக்க யாரும் இல்லை, கழுத்தில் பதக்கமும் விழவில்லை. என் சொந்தக் காலால் அதைத் தாண்டினேன்.

கூடாரத்தில் பையைத் திறந்தால் போனில் முப்பத்தோரு தவறிய அழைப்பு. எல்லாம் நிலா. திருப்பிக் கூப்பிட்டேன்.

“நூத்தி எழுபத்தொண்ணுல நின்னுச்சும்மா. அப்புறம் கோடே இல்ல. நாலு நிமிஷம் ஒண்ணுமே வரலம்மா,” என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடிகாரம் பேச்சியம்மாள் மடியில் இருந்த நேரம். வேப்பமரத்தடியில் நான் குளிர்ந்து சுகமாக உட்கார்ந்திருந்த அந்த நாலு நிமிடமும் என் மகள் விடுதி அறையில் தாயில்லாமல் இருந்திருக்கிறாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். பொய்யையும் சொன்னேன். நீக்கப்பட்டதையும் சொன்னேன். அதை அவள் காதில் வாங்கவே இல்லை. எத்தனை பேர் ஊற்றினார்கள் என்று கேட்டாள். ஏழு பேர் என்றேன்.

“அவங்க பேரெல்லாம் எழுதிக்கிட்டு வாங்கம்மா,” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மாலையில் பேச்சியம்மாள் சொன்னபடியே அதைப் பேசினாள். அரை மணி நேரம், குரலை உயர்த்தாமல். தன்னை ஏமாற்றியதைவிடச் சாமி பேரைச் சொன்னதுதான் தப்பு என்றாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. பேசி முடித்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள், வீடு வீடாகக் காட்டினாள். நெஞ்சில் குத்தியிருந்த எண் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பேச்சியம்மாள், முனியம்மாள், காளீஸ்வரி, பஞ்சவர்ணம், ஜெயலட்சுமி, ராக்கம்மாள், சின்னத்தாய். ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அந்த வார்த்தை இவ்வளவு சிறியது என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

திரும்பும்போது எதிரே ஒரு பெண் நூறு நாள் வேலை முடித்து மண்வெட்டியோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, தன் பெயரையும் எழுதச் சொன்னாள். அவள் அங்கே இல்லையே என்றேன். அவள் வேலைக்குப் போகும்போது தன் வீட்டுக் குடத்தை நிறைத்து வாசலில் வைத்துவிட்டுப் போனாளாம். ராக்கம்மாள் ஊற்றியது அந்தத் தண்ணீராம். பேச்சியம்மாள் ஆமாம் என்றாள். சந்தனமாரி என்று எழுதினேன்.

எதற்காக எழுதுகிறேன் என்று கேட்டாள். என் மகள் கேட்டாள் என்றேன். சந்தனமாரி மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

“புள்ள கேட்டுச்சுன்னா சரியா எழுதணும்ல. இனிஷியலயும் போடுங்க,” என்றாள்.

மு. சந்தனமாரி. அதற்குப் பிறகு மற்ற ஏழு வீட்டுக்கும் மறுபடி போய், ஒவ்வொருவருக்கும் இனிஷியல் கேட்டு எழுதினேன்.